விஷுவல் நாவல்: புதிதாகப் படிக்க வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

2016-இல் ஒரு நண்பன் "நாலு மணி நேரக் கதைதான், படிச்சுப் பாரு" என்று ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஒரு விஷுவல் நாவலை வாங்கி அனுப்பினான். பெயர் பிளானடேரியன். இரவு பத்தரைக்கு ஆரம்பித்தேன். முடித்தபோது மணி மூன்றுக்கு மேல் ஆகியிருந்தது. கடைசி வரி வந்த பிறகும் மவுஸிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து தெரிந்தவர்களிடமெல்லாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

விஷுவல் நாவல் என்றால் என்ன?

திரையில் ஒரு பின்னணிப் படம் இருக்கும்: வகுப்பறை, ரயில் நிலையம், மழை பெய்யும் தெரு. அதற்கு முன்னால் பேசுகிறவரின் உருவம், பெரும்பாலும் இடுப்புக்கு மேலே. கீழே ஒரு பெட்டியில் எழுத்து. ஒரு வரி வரும், படிப்பீர்கள், தட்டுவீர்கள், அடுத்த வரி வரும். பின்னால் இசை ஓடும். பலவற்றில் பாத்திரங்களுக்குக் குரலும் உண்டு. எப்போதாவது கதை நின்று உங்களைக் கேட்கும்: கதவைத் தட்டுவதா, திரும்பிப் போய்விடுவதா? உங்கள் பதிலை வைத்துக் கதை ஒரு பக்கம் திரும்பும்.

வெறுமனே தட்டிக்கொண்டே இருப்பதில் என்ன விளையாட்டு இருக்கிறது?

எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. பாட்டி கதை சொன்னதை நினைத்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. சின்ன வயதில் பாட்டி கதை சொல்லும்போது நாம் "ம்" கொட்ட வேண்டும். "ம்" நின்றால் கதையும் நிற்கும். "தூங்கிட்டியா?" என்று கேட்பாள். கதை அவளுடையதுதான், ஆனால் நம் "ம்" இல்லாமல் அது நகராது.

விஷுவல் நாவலில் ஒவ்வொரு தட்டும் அந்த "ம்"தான். சினிமா நாம் கண்ணை மூடிக்கொண்டாலும் ஓடிவிடும். புத்தகத்தில் பக்கத்தின் அடிவரி ஓரக்கண்ணில் முன்கூட்டியே தெரிந்துவிடும். இங்கே நீங்கள் தட்டுகிறவரை அடுத்த வரி கிடையாது. "அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்" என்று ஒரு வரி. தட்டுகிறீர்கள். "சொல்லவில்லை" என்று அடுத்தது. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் இருந்த மௌனத்தின் நீளத்தை முடிவு செய்தது உங்கள் விரல். கெட்டது ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தும் தட்ட வேண்டியிருக்கும் இடங்கள் வரும். அப்போது விரல் தயங்கும். அந்தத் தயக்கத்துக்காகத்தான் நான் இவற்றைப் படிக்கிறேன்.

தேர்வே இல்லாத விஷுவல் நாவலும் உண்டாமே? அப்புறம் அதில் நமக்கு என்ன பங்கு?

உண்டு. அதைக் கைனெட்டிக் நாவல் என்பார்கள். 2004-இல் கீ நிறுவனம் வெளியிட்ட பிளானடேரியன் அந்த வகைதான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே பாதை.

கதை இதுதான். பெரும் போர் முடிந்து முப்பது ஆண்டு ஆகிறது. ஆள் இல்லாத ஒரு நகரம், விடாத மழை. பழைய பொருள் பொறுக்கிப் பிழைக்கும் ஒருவன், கொல்லும் இயந்திரங்களுக்குத் தப்பி ஒரு கட்டடத்துக்குள் ஓடுகிறான். அது பல்பொருள் அங்காடி ஒன்றின் மாடியில் இருந்த கோளரங்கம். அங்கே யுமேமி என்ற பெண் உருவ ரோபோ வரவேற்பாளராக நிற்கிறாள். உலகம் அழிந்தது அவளுக்குத் தெரியாது. ஊழியர்கள் திரும்பி வருவார்கள் என்று காத்திருக்கிறாள். வந்தவனை இருபத்தைந்து லட்சமாவது பார்வையாளர் என்று சொல்லிக் கொண்டாடுகிறாள். உண்மையில் எண்ணிக்கை அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும், இத்தனை ஆண்டுக்குப் பிறகு வந்த ஒரே ஆளாயிற்றே. பூக்கள் எங்கும் இல்லாததால் குப்பைப் பொருள்களை வைத்து ஒரு பூங்கொத்து செய்து நீட்டுகிறாள்.

அவன் முதலில் எரிச்சல்படுகிறான். நானும் எரிச்சல்பட்டேன், ஏனென்றால் அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு என்ன தோன்றியதோ, பழுதான நட்சத்திரக் கருவியை அவன் சரிசெய்கிறான். ஒற்றைப் பார்வையாளனுக்காகக் காட்சி தொடங்குகிறது. மழை மேகத்துக்குப் பின்னால் மறைந்துபோன வானம் உள்ளே கூரையில் விரிகிறது. நடுவில் மின்சாரம் போய்விடுகிறது.

அவன் எழுந்து போகவில்லை. படம் வேண்டாம், நீ சொல்வதை மட்டும் சொல் என்று கேட்கிறான். இருட்டில் அவள் தொடர்ந்து சொல்கிறாள். என் அறையிலும் விளக்கு இல்லை. அவள் ஒரு வரி சொல்கிறாள், நான் தட்டுகிறேன். இன்னொரு வரி, மறுபடி தட்டுகிறேன். தேர்வு எதுவும் இல்லைதான். ஆனால் அந்த இருட்டில் அவளுக்கு "ம்" கொட்டிக்கொண்டிருந்தது நான். தட்டுவதை நிறுத்தினால் அவள் அந்த வரியிலேயே நின்றுவிடுவாள் என்ற எண்ணம் வந்தது. அதற்கு மேல் நடப்பதை இங்கே சொல்ல மாட்டேன்.

இந்த வடிவம் எங்கே தொடங்கியது?

ஜப்பானில். 1983-இல் யூஜி ஹோரி கோபே நகரை வைத்து ஒரு கொலை வழக்குக் கதையை வீட்டுக் கணினிக்காக எழுதினார். போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு என்று பெயர். முதல் பதிப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். 1985-இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு வந்தபோது பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும்படி மாற்றினார்கள். அடுத்த ஆண்டு அதே ஹோரிதான் டிராகன் குவெஸ்ட் விளையாட்டைக் கொண்டுவந்தார்.

1992-இல் சுன்சாஃப்ட் நிறுவனம் ஒட்டோகிரிசோ என்ற திகில் கதையைச் சூப்பர் ஃபேமிகாமில் வெளியிட்டு, அதைச் சவுண்ட் நாவல் என்று அழைத்தது. பின்னணிப் படத்தின்மேல் திரை நிறைய எழுத்து, கதவு கிறீச்சிடும் ஒலி, நடுநடுவே தேர்வுகள். லீஃப் என்ற இன்னொரு நிறுவனம் 1996 முதல் தன் கதைகளுக்கு விஷுவல் நாவல் என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ரூட் என்கிறார்களே, அது என்ன? ஒரே கதையை ஏன் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்?

உங்கள் தேர்வுகளைப் பொறுத்துக் கதை ஒரு பாத்திரத்தின் வாழ்க்கைப் பக்கம் போகும். அந்தப் பாதைதான் ரூட். ஒன்றை முடித்துத் திரும்ப ஆரம்பித்தால் இன்னொருவர் பக்கம் போகலாம். ஏற்கெனவே படித்த பகுதிகளை வேகமாகத் தாண்ட ஸ்கிப் வசதி இருக்கும்.

இதை நன்றாகப் பயன்படுத்திய கதை என்று எனக்குத் தோன்றுவது, கீ நிறுவனம் 2004-இல் வெளியிட்ட கிளானாட். தோமோயா என்ற பள்ளி மாணவன். பள்ளிக்கு ஏறும் சரிவில் நாகிசா என்ற பெண் நின்றுகொண்டிருக்கிறாள். உள்ளே போகத் தைரியம் வராமல், தனக்குப் பிடித்த இனிப்பு பன்னின் பெயரைச் சத்தமாகச் சொல்லித் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள். அங்கிருந்துதான் கதை கிளம்புகிறது. அந்த ஊரில் இருக்கும் ஒவ்வொருவர் கதையையும் முடிக்கும்போது உங்களுக்கு ஓர் ஒளிப்பந்து சேரும். போதுமான ஒளிகள் சேர்ந்தால்தான் கதையின் பின்பாதி முழுமையாக வழிவிடும். ஊரில் இருப்பவர்களின் கஷ்டத்தைக் கேட்காமல் நாயகன் நாயகியின் முடிவுக்கு மட்டும் ஓட முடியாது என்று கதையே கட்டப்பட்டிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தோமோயாவுக்கும் அவன் அப்பாவுக்கும் ஒட்டாது. ஒரு சண்டையில் மகனின் தோளில் அடிபட்டு, அவன் கூடைப்பந்து ஆடுவதே நின்றுபோயிருக்கும். அதற்குப் பிறகு அப்பா மகனிடம் முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசுவார். அந்தக் காட்சிகள் திரும்பத் திரும்ப வரும்போதெல்லாம் நான் ஸ்கிப் பொத்தானை அழுத்தினேன். படித்ததுதானே, அந்த ஆளை மறுபடி எதற்குப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பின்பாதியில் அந்த அப்பா என்னவாக இருந்தவர் என்று மகனுக்குத் தெரியவரும் ஓர் இடம் உண்டு. அதைப் படித்துவிட்டு, பழைய சேவ் ஒன்றைத் திறந்து (கதையைப் பாதியில் பதிந்துவைத்த இடம்தான் சேவ்), நான் தாண்டிப் போன அந்தக் காட்சிகளை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவர் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நான் கேட்ட விதம்தான் மாறியிருந்தது. அவரைத் தாண்டிப் போன குற்றத்தில் தோமோயாவோடு எனக்கும் பங்கு இருந்தது, அதுவும் என் விரலாலேயே.

தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால்? வழிகாட்டி பார்த்துக்கொண்டே படிக்கலாமா?

முதல் தடவை பார்க்காதீர்கள். மோசமான முடிவுக்குப் போனாலும் பரவாயில்லை, சேவ் இருக்கிறது. நீங்களாகச் செய்த தப்புக்குப் பிறகு வரும் சரியான முடிவுக்கு வேறு கனம் உண்டு. இரண்டு மூன்று தடவை முட்டிக்கொண்ட பிறகு பாருங்கள், தப்பில்லை. கிளானாட் மாதிரி பெரிய கதைகளில் கடைசியில் எனக்கும் தேவைப்பட்டது. தேர்வு வரும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகச் சேவ் செய்து வையுங்கள். ஒரே சேவின்மேல் மறுபடி மறுபடி எழுதாதீர்கள்.

தேர்வு என்றால் எப்போதும் இரண்டு மூன்று பதில் உள்ள பட்டியல்தானா?

இல்லை. 2009-இல் வந்த ஸ்டெயின்ஸ் கேட்டில் பட்டியலுக்குப் பதிலாக ஒரு கைபேசி இருக்கிறது. கதை டோக்கியோவின் அகிஹபாராவில் நடக்கிறது. ஒகாபே என்ற மாணவனும் நண்பர்களும், கடந்த காலத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வழியைத் தற்செயலாகக் கண்டுபிடிக்கிறார்கள். நீங்கள் விரும்பும்போது அவனுடைய கைபேசியை எடுக்கலாம், வைக்கலாம். வரும் அஞ்சலில் சில சொற்கள் மட்டும் நிறம் மாறித் தெரியும். அதில் ஒன்றைத் தொட்டால் அதற்கேற்ற பதில் போகும். தொடாமலும் விட்டுவிடலாம். யாருடைய சின்ன அரட்டைக்கு நீங்கள் பதில் போட்டீர்கள், யாரைக் கண்டுகொள்ளாமல் விட்டீர்கள் என்பது முடிவுவரை தொடர்ந்து வரும்.

பின்பகுதியில் இது பொறுக்க முடியாததாகிவிடும். நண்பர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஏக்கத்தால் அனுப்பிய செய்தியை ஒகாபே ரத்துசெய்தாக வேண்டிய நிலை வருகிறது. ரத்துசெய்தால் அவர்களுக்குக் கிடைத்த நல்லது போய்விடும். செய்யாவிட்டால் வேறொருவர் உயிர். திரையில் கேள்வி எதுவும் வராது. கைபேசி உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் அதை எடுக்கவே மனமில்லாமல் கணினியை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

2018-இல் வந்த ஃப்ளோரன்ஸை விஷுவல் நாவல் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இந்தப் பதிலில் அதற்கு இடம் உண்டு. மெல்போர்னில் செய்யப்பட்ட, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும் கைபேசிக் கதை. ஃப்ளோரன்ஸ் என்ற இளம்பெண்ணும், செல்லோ வாசிக்கும் கிரிஷ் என்ற இந்திய வம்சாவளி இளைஞனும் காதலிக்கிறார்கள். முதல் சந்திப்பில் அவள் ஒரு வாக்கியம் பேச நீங்கள் பல துண்டுகளைச் சேர்த்துப் பொருத்த வேண்டும். பழகப் பழகத் துண்டுகள் குறைந்துகொண்டே வரும், கடைசியில் ஒரே துண்டு. சண்டை வரும்போது துண்டுகளின் முனைகள் கூராகிவிடும். அவன் அவள் வீட்டுக்குக் குடிவரும்போது அவன் பொருள்களுக்கு இடம் விட அவளுடையதை எடுத்து ஒதுக்கிவைப்பதும் நீங்கள்தான். வசனமே கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும், பேச்சு எளிதாகிவிட்டது என்பதை உங்கள் விரல் உணர்ந்துவிடும்.

அழவைப்பதற்காகவே எழுதுகிறார்களா?

சிலர் அப்படித்தான். அந்த வகைக்கு ஜப்பானில் நகிகே என்று பெயரே உண்டு. அவர்கள் மொழியில் "நகு" என்றால் அழுவது. நமக்கு நகு என்றால் சிரிப்பது. இந்தக் கதைகளின் கட்டமைப்புக்கு இரண்டு பொருளும் பொருந்திப்போவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பாதிக்கதைவரை சிரிக்கவைப்பார்கள். சாப்பாடு, கிண்டல், பள்ளி விழா, ஒன்றுமில்லாத பேச்சு. பல மணி நேரம் அவர்களோடு இருந்திருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் கைவைப்பார்கள். முதல் பகுதி இழுவை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த இழுவையில்தான் பழக்கம் உண்டாகிறது. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

எல்லாமே ஆபாசம் என்று கேள்விப்பட்டேனே?

வயது வந்தோருக்கானவை ஏராளம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கணினியில் இந்த வடிவம் வளர்ந்ததில் அவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் பிளானடேரியனும் கிளானாட்டும் எல்லா வயதினருக்குமாக எழுதப்பட்டவை. வாங்குமுன் கடைப் பக்கத்தில் உள்ளடக்க எச்சரிக்கையைப் படியுங்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2017-இல் இலவசமாக வந்த டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்பின் முகப்பு மிட்டாய் நிறத்தில் இருக்கும். உள்ளே தற்கொலை உட்பட மனத்தைக் கலக்கும் விஷயங்கள் இருக்கின்றன. தொடங்கும்போதே அது எச்சரிக்கிறது, அந்த எச்சரிக்கையை மதியுங்கள். மனசு சரியில்லாத நாளில் அதைத் திறக்க வேண்டாம்.

அனிமே பார்த்துவிட்டேன். இனியும் படிக்க வேண்டுமா?

கிளானாட், ஸ்டெயின்ஸ் கேட் இரண்டுக்கும் நல்ல அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், உண்டு. ஆனால் அனிமே ஒரே கோட்டில் போகும். கிளானாட்டின் அப்பாவை ஸ்கிப் செய்தது நம் விரல்தான் என்ற உணர்வு அங்கே கிடையாது. படியுங்கள்.

என் ஆங்கிலம் சுமார்தான். முடியுமா?

முடியும். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு வரிதான் வருகிறது, அவசரப்படுத்த யாரும் இல்லை. பின்னால் போய்ப் பழைய வசனங்களைப் பார்க்க வசதி இருக்கிறது. படமும் இசையும் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். பேச்சு வசனம் நிறைந்த கதையில் தொடங்குங்கள். அறிவியல் சொற்கள் நிறைய வரும் ஸ்டெயின்ஸ் கேட்டைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கணினி பெரிதாக வேண்டுமா?

வேண்டாம். பழைய மடிக்கணினியே போதும். நல்ல ஹெட்ஃபோன் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

தமிழ் வாழ்க்கையைச் சொல்லும் ஒன்று உண்டு: வெண்பா. டொரொன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை: வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். பேச்சு, தேர்வுகள், அதோடு சமையல். வெண்பாவிடம் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது, அதில் பல வரிகள் அழிந்துபோயிருக்கும். இட்லித் தட்டை எப்படி மாற்றி மாற்றி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் வீட்டில் அம்மா யோசிக்காமல் செய்யும் ஒரு காரியத்தை, அழிந்த வரிகளை வைத்து நாம் தட்டுத்தடுமாறிச் செய்யும்போது, அம்மாவை விட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று உறைக்கும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும், சுயாதீன விளையாட்டு விழாவான ஐஜிஎஃப்பின் பெரும் பரிசும் அதற்குக் கிடைத்தன.

நானே தமிழில் ஒன்று எழுதலாமா?

எழுதுங்கள், தயவுசெய்து. ரென்பை என்ற இலவச மென்பொருள் 2004 முதல் இருக்கிறது. பைத்தான் மொழியில் கட்டப்பட்டது, ஆனால் கதை எழுத நிரல் பெரிதாகத் தெரிய வேண்டாம். நாடக வசனம் எழுதுவது போலப் பேசுகிறவரின் பெயர், மேற்கோள் குறிக்குள் வசனம். தேர்வு வேண்டிய இடத்தில் மெனு என்று ஒரு சொல், அதன்கீழ் பதில்கள்.

முன்பெல்லாம் தமிழுக்கு ஒரு தடை இருந்தது. கொம்பும் காலும் எழுத்தோடு சரியாகச் சேராது. "போ" என்பதைத் திரையில் எழுத்து எழுத்தாகப் பிய்த்துப் போட்டுவிடும். 2023-இல் வந்த 8.1 பதிப்பில் எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைச் சேர்த்தார்கள். பிராமி வழி வந்த எழுத்துகளையும் சரியாகக் காட்டுவது அதனால் சாத்தியமானது. தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள், கூடவே வருவதில் தமிழ் இருக்காது. நான் இரண்டு பேர் பேருந்து நிறுத்தத்தில் பேசிக்கொள்ளும் பதினைந்து நிமிடக் கதை ஒன்றைச் செய்துபார்த்தேன். படம் வரையத் தெரியாததால் வீட்டுக்கருகே எடுத்த புகைப்படங்களையே பின்னணியாக வைத்தேன். "வாடா, உக்காரு" என்று தமிழில் முதல் வசனம் பெட்டிக்குள் முழுசாக வந்தபோது, அந்த ஒரு வரியை நாலைந்து தடவை திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

சரி, முதலில் எது?

நேரம் அரை மணி என்றால் ஃப்ளோரன்ஸ். ஒரு மாலை என்றால் வெண்பா. ஓர் இரவு முழுக்க இருந்தால் பிளானடேரியன். மர்மக் கதை பிடிக்குமென்றால் ஹிகுராஷி. 2002 முதல் ஒரு சின்னக் குழு எட்டுப் பகுதியாகச் செய்து விற்ற கதை அது. தேர்வு ஏறக்குறைய கிடையாது, யூகிப்பதுதான் உங்கள் வேலை. படங்கள் கரடுமுரடாக இருக்கும், பத்து நிமிடத்தில் பழகிவிடும். வன்முறை அதிகம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கிளானாட்டை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும்.

ஒன்றை முடித்ததும் உடனே அடுத்ததைத் தொடங்கலாமா?

என்னால் முடியவில்லை. பிளானடேரியனை முடித்து மூன்று வாரம் வேறு எதையும் திறக்கவில்லை. அந்த நாள்களில் அதில் நான் முதலில் செய்துவைத்த சேவ் ஒன்றை மட்டும் அவ்வப்போது திறப்பேன். யுமேமி அந்தக் கதவருகில் நின்று வரவேற்பாள். நான் தட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு மூடிவிடுவேன்.